ஸ்பிரிங் கம்ப்ரெசர்: லேத்தில் செய்து வாங்கலாமா, கடையில் வாங்கலாமா?

நீடாமங்கலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2013 ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. இடது முன்சக்கரத்து ஸ்பிரிங்கில் அடிச்சுற்று உடைந்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டங்கென்று ஒரு சத்தம், நிற்கும்போது வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதும் தெரிகிறது. அறுவடை நேரத்தில் நெல் லாரியும் டிராக்டரும் ஓடி ஓடி எங்கள் ஆற்றங்கரை ரோடு என்ன கதியில் இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், மேல் மவுண்ட், பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று சாமான் வாங்கி வைத்துவிட்டேன். பிரேக் பேட், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் வரைக்கும் நானே மாற்றுவேன், வேலை தெரியும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவிதான் இப்போது பிரச்சினை.

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு ஜோடி கம்ப்ரெசர் (மரை போட்ட ராடில் மேலும் கீழும் கொக்கி, திருகினால் கொக்கிகள் நெருங்கி ஸ்பிரிங்கை அமுக்கும்) வருகிறது, படத்தில் பார்த்தாலே கொக்கி மெலிசாக இருக்கிறது. இங்கே லேத் பட்டறையில் கேட்டால் 12 எம்எம் திரெட் ராடு போட்டு, பழைய கமான் பட்டையை (லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டை) காய்ச்சி வளைத்துக் கொக்கி செய்து, வெல்டு அடித்துத் தருகிறேன் என்கிறார். கமான் பட்டை என்றால் உடையவே உடையாது என்பது அவர் வாதம். இன்னொரு மெக்கானிக் அதெல்லாம் எதுக்கு தம்பி, வண்டியில் நாலு பேரை ஏற்றி உட்காரவைத்து, ஸ்பிரிங் அமுங்கியதும் கட்டுக்கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டால் முடிந்தது என்கிறார்.

செய்து வாங்குவதானால் எந்த அளவு, எந்த இரும்பு? அல்லது செய்யவே கூடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தஞ்சை ஒர்க்ஷாப்:

தம்பி, கட்டுக்கம்பியை முதலில் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கம்பி செண்ட்ரிங் வேலைக்கு முறுக்கிக் கட்ட வந்தது, நல்லா வளையணும் என்பதற்காகவே பதம் தணித்த மெத்துக் கம்பி. முறுக்கிய இடம்தான் அதில் பலவீனமான இடம், அது எப்போது நழுவும் என்று எவனுக்கும் தெரியாது. சங்கிலி, கயிறு, ஹோஸ் கிளிப் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கேஸ் கட்டிங் வைத்து ஸ்பிரிங்கை அறுத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள், டென்ஷனில் இருக்கும் ஸ்பிரிங்கை அறுக்கும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

அடுத்து, எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் வண்டியில் முன்னால் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே உருப்படி. நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இருக்கும் இரண்டு போல்ட், லிங்க் ராடு, பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப், ஏபிஎஸ் இருந்தால் அதன் ஒயர், மேலே பாடியில் மவுண்ட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள், இவற்றைக் கழற்றினால் முழு ஸ்ட்ரட்டும் கையோடு வந்துவிடும். இதுவரைக்கும் கம்ப்ரெசர் தேவையே இல்லை, ஸ்பிரிங்கும் எங்கேயும் போகாது. ஏனென்றால் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது ஷாக் ராடின் தலையில் இருக்கும் நடு நட்டு. அந்த ஒரு நட்டுதான் எமன். ஸ்பிரிங் அழுத்தப்படாமல் அதைக் கழற்றினால் மவுண்ட், சீட், பேரிங் எல்லாம் சேர்ந்து மேலே பறக்கும், நட்டைக் கழற்றுகிறவர் முகம் சரியாக அதற்கு நேரே இருக்கும். வண்டியில் மாட்டியிருக்கும்போதே பானெட்டைத் திறந்து அந்த நட்டில் ஸ்பேனர் வைக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் என் யோசனை, வீட்டில் ஸ்ட்ரட்டைக் கழற்றுங்கள். அப்படியே, நடு நட்டைத் தொடாமல், சுவரில் பதித்த ஸ்டாண்டு கம்ப்ரெசர் இருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் நாலு இடம் விசாரித்தால் கிடைக்கும். ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டித் தருவார்கள், திரும்ப எடுத்துவந்து நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். கூலி பெரிதாக ஆகாது.

பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வாங்கியிருந்தால் அதற்குக் கம்ப்ரெசரே வேண்டாம். ஸ்விஃப்ட்டில் பின்னால் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையில் வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


பாபநாசம் ஃபேப்ரிகேட்டர்:

ஊர் பாபநாசம், வேலை துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில். பட்டறைக்காரர் சொன்ன 12 எம்எம் ராடு, கமான் பட்டை இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

சின்னக் கார்களின் முன்பக்க ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்தச் சுமார் 2 கிலோ எடை வேண்டும். மவுண்ட்டைக் கழற்றும் அளவுக்கு அழுத்தும்போது, ஸ்பிரிங்கின் இயல்பான நீளத்திலிருந்து 150 மில்லிமீட்டர் வரை அமுங்கியிருக்கலாம். அப்படியானால் 300 கிலோ. இரண்டு ராடு, ஆளுக்கு 150 கிலோ. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் திரெட் ராடு பெரும்பாலும் 4.6 அல்லது 4.8 கிரேடு. 4.6 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 24 கிலோவில் இரும்பு நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். 12 எம்எம் ராடில் மரை போக மிஞ்சுவது 84 சதுர மில்லிமீட்டர், அதாவது 2000 கிலோ தாங்கும். 150 கிலோவுக்கு 2000 கிலோ! பட்டறைக்காரர் இந்தக் கணக்கில்தான் தைரியமாக இருக்கிறார், கணக்கில் தப்பும் இல்லை.

ஆனால் ராடு நேராக இழுபடுவதில்லை. ஸ்பிரிங் கம்பி ஒரு இடத்தில் இருக்கிறது, ராடு அதற்கு வெளியே 30 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, கொக்கி அந்த இடைவெளியைத் தாண்டி எட்டிப் பிடிக்கிறது. அந்த 30 மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் கெடுப்பது. 150 கிலோவும் ராடை வளைக்கப் பார்க்கும். மரையின் அடிவிட்டம் 12 எம்எம் ராடில் 10 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, அதை வைத்து வளைவுக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ வருகிறது. 4.6 தாங்குவதைப் போல இரண்டு மடங்கு. கொக்கி ஸ்பிரிங்கைக் கவ்வி நிற்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனால் கருவி செய்கிறவன் மோசமான நிலையைத்தான் கணக்கில் எடுக்கணும். அதே 12 எம்எம்மில் 8.8 கிரேடு போட்டால் 64 வரை தாங்கும், நிற்கும், ஆனால் கைவசம் மிச்சம் அதிகம் இல்லை. 16 எம்எம் 8.8 போட்டால் அழுத்தம் 18, 19 கிலோவுக்கு இறங்கிவிடும், அப்போதுதான் மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைக்கும். நாலு எம்எம் கூடினதற்கு இவ்வளவு வித்தியாசம், ஏனென்றால் வளைவுக்கு விட்டத்தின் மும்மடி (விட்டம் × விட்டம் × விட்டம்) தான் கணக்கு.

ராடு வளைய ஆரம்பித்தால் கொக்கி சாயும், சாய்ந்த கொக்கி ஸ்பிரிங் கம்பியின் உருண்டையில் வழுக்கிக்கொண்டு சுற்றிப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இதுதான் நடந்தது. இரண்டு கொக்கியும் ஒரே பக்கம் நகர்ந்துபோய், ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து வெளியே வந்துவிட்டது. ராடு அறுந்துபோகவில்லை, கடைசி வரைக்கும் முழுசாகத்தான் இருந்தது. அந்த 300 கிலோ, 150 மில்லிமீட்டரில் அடங்கியிருக்கும் ஆற்றல் 25 கிலோ சிப்பம் ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அவ்வளவும் ஒரே நொடியில், ஒரு இரும்பு மவுண்ட்டின் விளிம்பில்.

இனி கமான் பட்டை. அது சிலிக்கான், மாங்கனீஸ் சேர்ந்த ஸ்பிரிங் ஸ்டீல், கார்பன் அதிகம். பட்டையாக, தன் வேலையில் இருக்கும்வரை அருமையான இரும்பு. அதையே சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆறவிட்டால் பழைய பலம் இருக்காது. வெல்டு அடித்தால் வெல்டுக்குப் பக்கத்து ஓரம் விறைத்து, வெளியே தெரியாத விரிசல் விழும். மைல்டு ஸ்டீல் உடைவதற்கு முன் வளைந்து காட்டிக்கொடுக்கும், இது ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று போகும். கொக்கி என்பது காய்ச்சி அடித்து ஒரே துண்டாக வார்ப்படம் இல்லாமல் செய்து, சரியாகப் பதம் ஏற்றியதாக இருக்கணும். அந்தப் பதத்தைச் சரிபார்க்க வசதி இல்லாத இடத்தில் கொக்கி செய்து வாங்காதீர்கள். வெல்டிங் தெரிந்த நானே எனக்குக் கொக்கி செய்துகொள்ள மாட்டேன்.

லேத்தில் தாராளமாகச் செய்து வாங்கக்கூடியது ஒன்று உண்டு. நடு நட்டைக் கழற்றும்போது ராடும் கூடவே சுற்றும், அதை உள்ளே பிடித்துக்கொண்டு வெளியே நட்டைத் திருக, நடுவில் ஓட்டை போட்ட நீள சாக்கெட் வேண்டும். பழைய ஸ்பார்க் பிளக் சாக்கெட் அளவு பொருந்தினால் அதன் மேல்பக்கம் ஸ்பேனர் பிடிக்க ஆறுபட்டை எடுத்துத் தரச் சொன்னால் போதும். அதில் எது தவறினாலும் நட்டு கழலாது, அவ்வளவுதான்.


நாகை டாக்சி:

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் ஒரு விஷயம். உங்கள் ஸ்பிரிங் ஏற்கனவே உடைந்தது என்பதை யாரும் பேசவில்லை. உடைந்த ஸ்பிரிங்கில் கம்ப்ரெசர் போடுவது தனி வேலை. உடைந்த முனைக்குப் பக்கத்துச் சுற்றில் கொக்கி மாட்டாதீர்கள், அது சீட்டில் சரியாக உட்காராமல் அழுத்தும்போது சட்டென்று திரும்பும். மேலும் கீழும் முழுசாக இருக்கும் சுற்றுகளில் மாட்டுங்கள், எத்தனை சுற்றுகளை உள்ளே அடக்க முடியுமோ அத்தனையும் அடக்குங்கள்.

இந்தப் பக்கம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் உடைவது சர்வசாதாரணம். பெயிண்ட் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு பிடித்து, சின்னக் குழி விழுந்து, அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். புது ஸ்பிரிங்கை மாட்டும்போது கொக்கியின் வாயில் பழைய ஹோஸ் துண்டைக் கீறி வைக்கிறார்கள், பூச்சு கீறாமல் இருக்க. நல்ல எண்ணம்தான், ஆனால் ரப்பர் கிரீஸ் பட்டால் வழுக்கும், அதனால் கிரீஸ் மரைக்கு மட்டும், கொக்கி வாய் துடைத்துச் சுத்தமாக இருக்கணும். துருப் பொருக்கு இருந்தால் கம்பி பிரஷ் போட்டு எடுத்துவிட்டு மாட்டுங்கள், பொருக்கோடு சேர்ந்து கொக்கியும் நகரும்.

அப்புறம், டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் முன் ஸ்பிரிங் வேறு, டீசல் எஞ்சின் எடை கூட. வாங்கின ஸ்பிரிங்கில் இருக்கும் பெயிண்ட் அடையாளத்தையும் பார்ட் நம்பரையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.


நீடாமங்கலத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாபநாசம் அண்ணன் கணக்கைப் படித்தபிறகு கமான் பட்டைக் கொக்கி வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. இரும்புச் சேனல் வைத்து ஒரு ஃபிரேம் அடித்து, அதில் பாட்டில் ஜாக்கியால் ஸ்பிரிங்கை அழுத்தலாமா? எங்கள் வீட்டில் டிராக்டர் டிரெய்லருக்கு வைத்திருக்கும் பெரிய ஜாக்கி இருக்கிறது. இரண்டாவது, நல்ல கம்ப்ரெசர் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?


பாபநாசம் ஃபேப்ரிகேட்டர்:

ஃபிரேம் என்றால் கொக்கியை விட நல்ல யோசனை, சுவர் ஸ்டாண்டும் அடிப்படையில் அதுதான். ஆனால் ஜாக்கியின் பலத்தை வைத்து அதை எடை போடாதீர்கள். ஸ்பிரிங் சுற்று மட்டமாக இருக்காது, சரிந்து ஏறிக்கொண்டே போகும். மட்டமான பிளேட்டை வைத்து அழுத்தினால் பிளேட் ஒரே ஒரு இடத்தில்தான் தொடும், அங்கிருந்து ஸ்பிரிங் பக்கவாட்டில் பிதுங்கும். கம்பெனி ஸ்டாண்டில் கவை மாதிரி இருக்கும் தாங்கி, சுற்றின் சரிவுக்குத் தகுந்த மாதிரி சாய்த்து வைக்க முடியும், கம்பி வெளியே நழுவாமல் விளிம்பும் இருக்கும். மேல் தாங்கி இரண்டு பக்கமும் சேனலுக்குள் ஓடணும், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கக்கூடாது. பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தித்தான் வைக்கணும், படுக்க வைத்தால் பல ஜாக்கிகள் ஏற்றாது. எண்ணெய் கசிந்தால் பிடியும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அழுத்தி முடித்ததும் தாங்கியை நிறுத்த ஃபிரேமில் ஓட்டை போட்டு இரும்பு ஊசி (பின்) சொருகணும். இவ்வளவும் செய்தால் நல்ல ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஸ்பிரிங்குக்காக இதைச் செய்வது வீண் செலவு, பட்டறை வைத்திருப்பவர் செய்தால் அர்த்தம் உண்டு.

வாங்குவதென்றால் இதையெல்லாம் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒற்றைக் கொக்கிக்குப் பதில் இரட்டைக் கொக்கி இருப்பது, அது கம்பியை இரண்டு இடத்தில் பிடிப்பதால் சுற்றிப் போகாது. கொக்கியின் வாயை மூடும் ஊசியோ போல்ட்டோ கட்டாயம் இருக்கணும், படத்தில் நீங்கள் பார்த்த விலை குறைந்ததில் பெரும்பாலும் இது இருக்காது. நட்டு நீளமாக இருக்கணும், திருகும் தலைக்கு அடியில் பேரிங் இருந்தால் ரொம்ப நல்லது. தாங்கும் எடை எவ்வளவு என்று கருவியிலேயே பொறித்திருக்கணும். எடையே எழுதாத கருவியை விலை எதுவானாலும் தொடாதீர்கள். வாங்கினதும் ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இதையே செய்யணும், மரையில் தகடு தகடாக உரிந்திருந்தால் அந்தக் கருவி முடிந்தது.


தஞ்சை ஒர்க்ஷாப்:

கம்ப்ரெசர் வாங்கிச் செய்வதென்றால் வேலையின் முறையையும் சொல்லிவிடுகிறேன். மரைக்கு நிறைய கிரீஸ். இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டுங்கள், மூன்று கிடைத்தால் மூன்று. கை ஸ்பேனர்தான், ஏர் கன் கூடாது. அந்த வேகத்தில் மரை சூடேறி ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும், பாதி அழுத்தத்தில் இறுகிப் போன கம்ப்ரெசரை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி, ஒரு பக்கம் முந்தவே கூடாது. மேல் சீட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் போதும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுற்றுகள் ஒட்டும் வரை அழுத்தக்கூடாது. பாதுகாப்புக்கு ஒரு சங்கிலியை ஸ்பிரிங்கின் உள்ளே விட்டு ஸ்ட்ரட்டோடு தளர்வாகப் பூட்டி வையுங்கள், அது அழுத்தத் தேவையில்லை, கொக்கி விட்டால் பறக்காமல் பிடித்தால் போதும்.

ஸ்ட்ரட்டைப் படுக்க வைத்து, மவுண்ட் இருக்கும் முனை ஆள் இல்லாத சுவரைப் பார்க்க இருக்கட்டும், கீழ் முனைக்கு நேரேயும் யாரும் நிற்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும், முதலில் உள்ளே அனுப்பிவிடுங்கள். அழுத்திய ஸ்பிரிங்கைச் சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போகாதீர்கள். புதுசை மாட்டும்போது ஸ்பிரிங்கின் முனை கீழ் சீட்டின் படியில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், நடு நட்டை முழுசாக இறுக்கிய பிறகுதான் கம்ப்ரெசரைத் தளர்த்தணும், அதையும் மாறி மாறித்தான்.

வண்டியை மண் தரையில் தூக்காதீர்கள். நம்ம பக்கத்துக் களிமண் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் இளகியிருக்கும், ஜாக்கி மெல்ல உள்ளே இறங்கும். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் இருந்தால் அங்கே வைத்துச் செய்யுங்கள், ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள்.


நீடாமங்கலத்தான்:

அண்ணே, கடைசியாக ஒன்று. கழற்றி எடுத்துவரும் சிரமம் இல்லாமல் வண்டியையே தஞ்சாவூருக்கு மெதுவாக ஓட்டி வந்துவிடலாமா?


தஞ்சை ஒர்க்ஷாப்:

வேண்டாம் தம்பி. உடைந்த ஸ்பிரிங்கின் முனை சீட்டை விட்டு வெளியே வந்தால் நேராக டயரின் உள்பக்கச் சுவரைத்தான் கிழிக்கும், உங்கள் இடது சக்கரம் அது. களத்தில் வைத்து இரண்டு ஸ்ட்ரட்டையும் கழற்றி, சாமான்களோடு தெரிந்தவர் வண்டியில் போட்டு எடுத்து வாருங்கள். கழற்றும் முன் நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேரும் இடத்தில் பெயிண்ட்டால் கோடு போட்டு வைத்தால் பட்டறையில் அதைப் பார்த்துப் புது ஸ்ட்ரட்டிலும் அதே இடத்தில் குறித்துத் தருவார்கள், மாட்டினபிறகு அலைன்மென்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். எந்த நாள் வருகிறீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஸ்டாண்டு காலியாக இருக்கும் நேரம் கேட்டு வைக்கிறேன்.